சிவகாமி கழுத்துல அந்தத் தாலி எதுக்கு?

கல்கி எழுதின 'சிவகாமியின் சபதம்' நாவல படிச்சு அழுதவங்க, அதோட கடைசி அத்தியாயத்த தெய்வீகம்னு சொல்றவங்க, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மஞ்சக்குப்பத்துல கூடி புத்தகம் பேசற எங்க வாசகர் வட்டத்து பெரியவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

போன கூட்டத்துல நானும் பின் வரிசையில உக்காந்திருந்தேன். நாலு பாகத்தையும் ஒருத்தர் அழகா சொல்லி முடிச்சாரு, பரஞ்சோதி காஞ்சிக்குள்ள நுழையறதுலேர்ந்து வாதாபி எரியற வரைக்கும் ஒரு பேரு விடாம சொன்னாரு, அதுக்கு நான் மனசார கைதட்டினேன். கதை தெரியாதவங்களுக்கு: பல்லவ ராஜா மாமல்லர ஆசப்பட்ட நாட்டியக்காரி சிவகாமி, வாதாபியில சிறையிருந்து திரும்பி வந்து, அவரு வேற ஒருத்திய கட்டிக்கிட்டது தெரிஞ்சதும், காஞ்சி ஏகாம்பரநாதரையே புருஷனா வரிச்சு தாலி கட்டிக்கறா. கடைசியில அவரு "சிவகாமி தோத்துப்போகல, மாமல்லர விட பெரிய புருஷன அடைஞ்சிட்டா, ஒரு பொண்ணுக்கு இத விட என்ன வேணும்"னு சொன்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க, ரெண்டு பேரு கண்ண தொடச்சிக்கிட்டாங்க. எனக்கு வயித்த பெசஞ்சிது. எழுந்து பேசணும்னு தொண்ட வரைக்கும் வந்துது, பேச்சு வரல. வீட்டுக்கு வந்து மூணு நாளா எழுதி, கிழிச்சு, மறுபடி எழுதி, இப்ப இத உங்க எல்லாருக்கும் அனுப்பறேன்.

கல்கி மேல எனக்கு கோவம் இருக்கு, ஆனா அது வீட்டு மனுஷங்க மேல வர்ற கோவம். எங்க தாத்தா 1944-லேர்ந்து 1946 வரைக்கும் வாரா வாரம் வந்த தொடர பத்திரிகையிலேர்ந்து தனியா கத்தரிச்சு எடுத்து பைண்டு பண்ணி வச்சிருந்தாரு, காலிகோ அட்டை, முதுகுல மை அழிஞ்சு போன எழுத்து, தொறந்தா பழைய காகிதமும் நாப்தலின் உருண்டையும் கலந்த வாசன. நான் தமிழ் நல்லா படிக்க கத்துக்கிட்டதே அதுலதான். மாமல்லர், ஆயனர், கண்ணபிரான், கமலி, குண்டோதரன்னு எங்க வீட்ல சொந்தக்காரங்க பேரு மாதிரி பேசுவாங்க.

இன்னொண்ணு, மாமல்லரும் சிவகாமியும் கல்யாணம் பண்ணிக்கணும்னு நான் கேக்கல. இத சொன்ன உடனே பாதி பேரு "சரித்திரம் தெரியாம பேசறியே"ன்னு ஆரம்பிப்பீங்க, அதனால சரித்திரத்தையே முதல்ல பேசிடலாம். மாமல்லர்ன்ற நரசிம்மவர்மருக்கு அப்புறம் அவரோட மகன் ரெண்டாம் மகேந்திரவர்மர் பட்டத்துக்கு வந்தாரு, அப்ப ராஜாவுக்கு ஒரு ராணி இருந்தாகணும், ஒத்துக்கறேன். அதுக்கும் மேல கல்கியே தன் கைய முன்னாடியே கட்டிப்போட்டுக்கிட்டாரு, ஏன்னா காலத்துல பின்னாடி நடக்கற பார்த்திபன் கனவத்தான் அவரு முதல்ல எழுதி முடிச்சாரு, அதுல நரசிம்மவர்மருக்கு குந்தவின்னு கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்கா. சிவகாமி கதையோட முதல் வரிய எழுதறதுக்கு முன்னாடியே மாமல்லர் வேற ஒருத்திக்கு புருஷன்னு முடிவாயிடுச்சு. தகப்பன் சொல்லுக்காகவும் ராஜ்யத்துக்காகவும் பாண்டிய இளவரசி வானமாதேவிய கட்டிக்கிட்டாரு, சரி, கட்டிக்கட்டும்.

ஆனா சிவகாமி யாரு? அவ எந்த செப்பேட்டுல இருக்கா? கூரம் செப்பேட்டுல நரசிம்மவர்மர் இருக்காரு, சாளுக்கிய ராஜா புலிகேசியோட முதுகுல வெற்றின்ற எழுத்தையே எழுதினாருன்னு இருக்கு, வாதாபிய அழிச்சாருன்னு இருக்கு. பாதாமி, அதான் அந்த வாதாபி, அங்க பாறையில அவரோட கல்வெட்டு இன்னைக்கும் இருக்கு. படைத்தலைவர் பரஞ்சோதி வாதாபிக்கு போனது பெரியபுராணத்துல சிறுத்தொண்டர் கதையா இருக்கு. சிவகாமி எங்கயும் இல்ல. அவ முழுக்க முழுக்க கல்கி பெத்த பொண்ணு. அவளுக்கு இன்னதுதான் நடக்கணும்னு எந்தக் கல்வெட்டும் கல்கி கைய பிடிச்சு எழுத வைக்கல. ராஜா விஷயத்துல சரித்திரத்த காட்டி தப்பிச்சுக்கலாம், சிவகாமி விஷயத்துல காட்ட முடியாது. அவ கழுத்துல அந்தத் தாலிய ஏத்தினது கல்கிதான்.

இப்ப எங்க அத்தைய பத்தி சொல்லணும், அவங்கள சொல்லாம இந்த மடலுக்கு அர்த்தம் இல்ல.

அத்தைன்னா எங்க அப்பாவோட அக்கா. திருப்பாதிரிப்புலியூர்ல எங்க வீட்லயே கடைசி வரைக்கும் இருந்தாங்க, டீச்சர் வேலை பாத்தாங்க, ஆறு வருஷம் முன்னாடி தவறிட்டாங்க. எனக்கு விவரம் தெரிஞ்சப்ப அந்த பைண்டு புத்தகம் அவங்க பீரோலதான் இருந்துது. ஒன்பதாவது லீவுல அத எடுத்து படிச்சேன், பத்து நாள், வெயில்ல வெளிய போவாம, மாடிப்படிக்கு கீழ உக்காந்து. கடைசி பக்கங்களுக்கு வந்தா ரெண்டு குண்டூசி குத்தி இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கடைசி அத்தியாயம் முழுசும் மூடியிருக்கு. ஊசி துருப்பிடிச்சு காகிதத்துல பழுப்பு வட்டமா கறை எறங்கியிருந்துது, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி குத்தினது. ஏன் அத்தன்னு கேட்டேன். "அதுக்கு முன்னாடியோட கதை முடிஞ்சிடுச்சு, அது வேணாம்"னு சொன்னாங்க.

சும்மா விடுவேனா. மறுநாளே சைக்கிள எடுத்துக்கிட்டு லைப்ரரிக்கு போயி நாலாவது பாகத்த தேடி எடுத்து அங்கயே நின்னுக்கிட்டு படிச்சேன். ஏகாம்பரநாதர் சன்னதி, மங்கலநாண், அப்பர் பாட்டு, சிவகாமி ஆடறா, மாமல்லர் ஒரு ஓரமா நின்னு கண்ணுல தண்ணி வழிய பாக்கறாரு, சத்தம் போடாம போயிடறாரு, 'தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே'. நான் அழுதுகிட்டே சைக்கிள மிதிச்சிட்டு வந்தேன். அத்தை முற்றத்துல பண்ருட்டி பலாப்பழம் ஒண்ண பொளந்து போட்டு கையில எண்ணெய் தடவிக்கிட்டு சுளை எடுத்துட்டு இருந்தாங்க. என் மூஞ்சிய பாத்ததும் புரிஞ்சிடுச்சு. "படிச்சிட்டியா?"ன்னு கேட்டாங்க. தலைய ஆட்டினேன். சடை எல்லாத்தையும் ஒரு பக்கம் தள்ளிட்டு, கொட்டைய ஒரு கிண்ணத்துல போட்டுட்டு, என்ன பாக்காமயே சொன்னாங்க: "அவ கழுத்துல ஏண்டி அத கட்டணும்? சும்மா இருந்தா என்ன ஆயிடப்போவுது அவளுக்கு?"

அன்னைக்கு எனக்கு அது புரியல. அத்தைக்கு பூ வச்சு, நிச்சயம் பண்ணி, பத்திரிக அடிக்கற வரைக்கும் போயி நின்ன கதை எனக்கு காலேஜ் படிக்கறப்பதான் தெரியும். மாப்பிள்ளையோட அப்பா படுக்கையில விழுந்து, அக்கா மகளத்தான் கட்டிக்கணும்னு சத்தியம் வாங்கிட்டாரு. அவரும் கட்டிக்கிட்டாரு. அது கூட பரவாயில்ல, அந்தக் காலத்துல நடக்கறதுதான். ஒரு தடவ நேர்ல வந்து நின்னு ஒரு வார்த்த சொல்லல. கல்யாணப் பத்திரிக தபால்ல வந்துது. அதுக்கப்புறம் அத்தை வேற யாரையும் கட்டிக்கல, வேலைக்கு போனாங்க, எங்கள வளத்தாங்க, சாயங்காலம் எங்க ஊரு பாடலீஸ்வரர் கோயிலுக்கு போவாங்க. அத பாத்துட்டு தெருவுல, சொந்தத்துல, கல்யாண வீட்ல, எல்லாரும் ஒரே வசனம்தான் பேசுவாங்க: "அவ பாடலீஸ்வரருக்கே வாழ்க்கப்பட்டவ." நல்ல எண்ணத்துலதான் சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவ கேக்கறப்பவும் அத்தை மொகம் மூடிக்கும், நான் பாத்திருக்கேன். அவங்க யாருக்கும் வாழ்க்கப்படல. அவங்க இருந்தாங்க. அவ்ளோதான் விஷயம். ஆனா ஒரு பொம்பள சும்மா இருக்கான்றத நம்ம ஊரால தாங்க முடியல, சாமி பேரையாவது பக்கத்துல சேத்து வச்சாதான் நிம்மதி.

போன கூட்டத்துல "மாமல்லர விட பெரிய புருஷன்"னு சொன்னப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துது.

கடலூர்காரங்களுக்கு இன்னொரு விஷயம் நல்லா தெரியும், தெரிஞ்சும் நாம யாரும் இத சேத்து யோசிக்கல. சிவகாமி கடைசியில ஆடற பாட்டு யாரோடது? அப்பரோடது. அப்பர் யாரு? திருவாமூர்ல பொறந்தவரு, நம்ம பண்ருட்டி பக்கம். மகேந்திர பல்லவர் காலத்துல கல்லுல கட்டி கடல்ல போட்டு, சொற்றுணை வேதியன்னு பாடிக்கிட்டே அவரு வந்து கரையேறின எடம் நம்ம ஊரு, கரையேறவிட்ட குப்பம்னு பேரே இருக்கு, சித்திரையில விழா எடுக்கறோம். கரையேறி வந்து பாடலீஸ்வரர் முன்னாடி நின்னு பாடினது 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்'. அம்மா, அப்பா, அப்புறம் கூடப்பொறந்தவங்க. அந்த கூடப்பொறந்தவங்கதான் திலகவதியார்.

திலகவதியார் கதைய ஒரு தடவ சிவகாமி கதைக்கு பக்கத்துல வச்சு பாருங்க. அவங்களுக்கு கலிப்பகையார்னு ஒரு படைத்தலைவர பேசி முடிச்சிருந்தாங்க. அவரு ராஜாவுக்காக சண்டைக்கு போனாரு. இங்க அப்பா செத்தாரு, அம்மா செத்தாங்க, போன மாப்பிள்ளையும் போர்ல செத்துட்டாருன்னு சேதி வருது. அதே பல்லவர் காலம்தான்னு நாம கேட்டு வளந்த கதை, அதே மாதிரி போருக்கு போன ஆளு, அதே மாதிரி காத்திருக்கற பொண்ணு. அவங்க உயிர விட துணியறாங்க, பின்னாடி அப்பரான சின்னத் தம்பி மருணீக்கியார் கால்ல விழுந்து அழறாரு, தம்பிக்காக உயிரோட இருக்காங்க. அத சேக்கிழார் எப்படி சொல்றாருன்னா, 'அம்பொன்மணி நூல்தாங்காது அனைத்துயிர்க்கும் அருள்தாங்கி' இருந்தாங்கன்னு சொல்றாரு.

நூல் தாங்காதுன்னா தாலி ஏந்தலன்னு அர்த்தம். தாங்காது, தாங்கி. ஒண்ண தாங்கல, இன்னொண்ண தாங்கினாங்க. எனக்கு இந்த எடத்த வாசிக்கறப்ப ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்த்துக்கும். சைவத்துலயே ஊறின மனுஷன், 12-ம் நூற்றாண்டுல உக்காந்துக்கிட்டு எழுதறாரு, திருவதிகை வீரட்டானத்துல காலையும் மாலையும் பெருக்கி, மொழுகி, பூ எடுத்து கட்டி வாழ்ந்த பொம்பளய பத்தி எழுதறாரு, அவருக்கு ரொம்ப சுலபம், "சிவனையே கணவனா வரிச்சா"ன்னு ஒரு வரி போட்டா போதும், யாரும் கேக்கப் போறதில்ல. போடல. அந்தக் கழுத்து வெறுங்கழுத்தாவே இருக்கட்டும்னு விட்டாரு. அதுல கொறையே இல்லன்னும் சொல்லிட்டாரு. இதுக்கெல்லாம் அப்புறம் எட்டு நூறு வருஷம் கழிச்சு, காந்தி பின்னாடி போயி ஜெயிலுக்கு போன, பெண்கள பத்தி அவ்ளோ மரியாதையா எழுதின கல்கி, அந்த அம்மாவோட தம்பி பாட்டையே எடுத்து வச்சுக்கிட்டு சிவகாமிக்கு தாலி கட்டறாரு.

"ஆண்டாள் இல்லையா, மீரா இல்லையா"ன்னு கேப்பீங்க. கேளுங்க. இந்தத் தொடர் ஓடிட்டு இருந்தப்பவே 1945-ல எம்.எஸ். சுப்புலட்சுமி நடிச்ச மீரா படம் வந்துது, அதுக்கு கல்கி பாட்டும் எழுதினாரு, அந்த நெனப்பு அவரு மனசுல ஓடிட்டு இருந்திருக்கும்னு எனக்கு தோணுது. ஆனா மீராவும் ஆண்டாளும் சின்ன வயசுலேர்ந்து கண்ணன்தான்னு நின்னவங்க. அவங்க மனசுல வேற ஒருத்தன் இல்ல. சிவகாமி ஆசப்பட்டது ரத்தமும் சதையுமா ஒரு மனுஷன. முதல் பாகத்துல அப்பர் முன்னாடி இதே 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' பாட்டுக்கு ஆடி மயங்கி விழறாளே, அப்ப அவ மனசுக்குள்ள இருந்த அவன் யாருன்னு படிக்கற நமக்கு தெரியும். அவன் கெடைக்கலன்னு ஆனதும் அந்த எடத்துல சாமிய கொண்டாந்து நிறுத்தினா, மன்னிச்சுக்கோங்க, நான் தெனம் விளக்கேத்தறவ, சாமிக்கே அது மரியாதையா எனக்கு படல. ஏகாம்பரநாதர் என்ன, கெடைக்காத மாப்பிள்ளைக்கு மாத்து மாப்பிள்ளையா?

எங்க பாடலீஸ்வரர் கோயில்ல பள்ளியறை அம்மன் சன்னதியில இருக்கு. மத்த எடத்துல அம்மன் சாமிகிட்ட போவாங்க, இங்க ராத்திரி சாமியே பெரியநாயகிய தேடி வருவாரு, ஏன்னா அவங்க தவம் இருந்தவங்க. ஒன்பது வருஷம் வாதாபியில தவம் கெடந்த பொண்ண தேடி மாமல்லர் ஊர எரிச்சுக்கிட்டு வந்தாரே, வந்து கூட்டிட்டு போயி, காஞ்சியில ஏறங்கினப்புறம் அவ வீட்டு திண்ணைக்கு வந்தாரா?

இந்த எடம்தான் எனக்கு ஆறவே இல்ல. வாதாபியில அந்த நாற்சந்தியில என்ன நடந்துதுன்னு ஞாபகம் இருக்கா? சிறை பிடிச்சுட்டு வந்த நம்ம ஜனங்கள கட்டி வச்சு சாட்டையால அடிக்கறாங்க, அவங்கள காப்பாத்த அவ நடுத்தெருவுல ஆடறா. காஞ்சி அரங்கேற்றத்துல மகேந்திர சக்கரவர்த்தி முன்னாடி ஆடினவ, சேதி வந்து அந்த ஆட்டமே பாதியில நின்னவ, இங்க எதிரி ஊர்ல நாற்சந்தியில ஆடறா, ஆடி ஆடி உயிர்கள மீட்டா. அப்புறம் மாமல்லர் மாறுவேஷத்துல வந்து கூப்பிட்டப்ப வரமாட்டேன்னா, இந்த ஊர் எரிஞ்சாதான் வருவேன்னா. அந்த சபதம் திமிருன்னு நெறைய பேரு சொல்றீங்க, அவ அன்னைக்கே கெளம்பியிருந்தா இவ்ளோ ரத்தம் இல்லன்னு சொல்றீங்க. சாட்டை அடி பாத்தவ அவ, நீங்களும் நானும் இல்ல. அந்த சபதத்துக்குதான் புத்தகத்துக்கே பேரு. அப்பேர்ப்பட்டவ ஊருக்கு திரும்பி வந்து, தான் காத்திருந்த ஆளுக்கு பொண்டாட்டியும் ரெண்டு கொழந்தைங்களும் இருக்காங்கன்னு அடுத்தவங்க மூலமாவும் ஊர்வலத்துலயும் தெரிஞ்சுக்கணுமா? எதுக்காக அந்த ஆளுக்கு அவ்ளோ சலுகை? சக்கரவர்த்திக்கு படை நடத்த தெரியும், கோட்டைய இடிக்க தெரியும், ஒரு பொண்ணு முன்னாடி நின்னு "நான் கட்டிக்கிட்டேன், உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல"ன்னு சொல்ல தெரியாதா? அவரு அழறாரு. ஓரமா நின்னு அழறாரு. அந்தக் கண்ணீருக்கு நாம எல்லாரும் சேந்து அழறோம். தாலி ஏறினப்புறம் அவருக்கு ஒரு பாக்கியும் இல்ல பாருங்க, அவ சாமி பொண்டாட்டி ஆயிட்டா, இனி யாரும் அவர எதுவும் கேக்க முடியாது. அந்தத் தாலி அவளுக்கு கட்டினதா, அவரோட கடனுக்கு போட்ட ரசீதா?

"அவளாதான முடிவெடுத்தா, யாரும் கட்டாயப்படுத்தலையே"ன்னு அன்னைக்கு ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னது என் காதுல விழுந்துது. அவளாதான் எடுத்தா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா எழுதறவரு எல்லா கதவையும் சாத்திட்டு ஒரே ஒரு கதவ மட்டும் தொறந்து வச்சா அவ அது வழியாத்தான போவணும். பரஞ்சோதிய பாருங்க. அதே வாதாபி, அதே ரத்தம், அதே மனச்சோர்வு. அவருக்கு உமையாள் இருக்கா, திருச்செங்காட்டங்குடி இருக்கு, வாள கீழ வச்சுட்டு வேற மனுஷனா வாழ ஒரு வாழ்க்கை இருக்கு. சிவகாமிக்கு? பேரு வைக்கறப்பவே முடிவு பண்ணிட்டாரோன்னு கூட எனக்கு தோணும், சிவகாமின்னாலே சிவன விரும்பறவதான, சிதம்பரத்துல நடராஜர் பக்கத்துல நிக்கற அம்மன் பேரு. பொன்னியின் செல்வன்லயும் மணிமேகலைக்கு என்ன ஆச்சு, சித்தம் கலங்கி வந்தியத்தேவன் மடியில உயிர விட்டா. ஆசப்பட்டு கெடைக்காத பொண்ண உயிரோட, சுயநினைவோட, தனியா விட கல்கிக்கு மனசு வரல. ஒண்ணு சாவு, இல்ல சாமி.

அந்தத் தொடர் முடிஞ்சது 1946-ல. அந்த வருஷத்துல ஆடத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு கோயில்ல சாமி பேர சொல்லி தாலி கட்டறதுன்னா தமிழ்நாட்டுல அதுக்கு என்ன பேரு? பொட்டுக்கட்டறது, அதாவது தேவதாசி ஆக்கறது. முத்துலட்சுமி ரெட்டி அத நிறுத்தணும்னு சட்டசபையில போராட ஆரம்பிச்சு எத்தன வருஷம், மூவலூர் ராமாமிர்தம் அம்மா ஊர் ஊரா போயி பேசி எத்தன வருஷம், கடைசியில சென்னை மாகாணத்துல அத தடுக்கற சட்டம் வந்தது 1947-ல. கதை முடிஞ்சு அடுத்த வருஷம். கல்கி அந்த அர்த்தத்துல எழுதினாருன்னு நான் சத்தியமா சொல்லல, அவரு பக்தியாத்தான் எழுதினாரு. ஆனா அந்த சன்னதி, அந்தத் தாலி, அந்த ஆட்டம் மூணும் ஒண்ணா வர்றப்ப அந்தக் காலத்து ஒரு பொண்ணு மனசு எப்படி பதறியிருக்கும்னு நாம ஒரு தடவையாவது யோசிச்சமா? எழுபது எம்பது வருஷமா 'தெய்வீகம்'னு ஒரே வார்த்தையில மூடி வச்சிருக்கோம்.

வேற எப்படி முடிக்கறதுன்னு கேட்டா, எனக்கு மண்டகப்பட்டு ஞாபகம் வருது. ஏரி உடைஞ்சு வெள்ளம் வந்து சிவகாமியும் மாமல்லரும் அவ அப்பா சிற்பி ஆயனரும் கரை ஒதுங்கற கிராமம், கதையில மண்டபப்பட்டுன்னு வரும், அவங்க சந்தோஷமா இருந்த ஒரே கொஞ்ச நாள் அங்கதான். கதையில வர்ற வராக நதி நம்ம வில்லியனூர் வழியா ஓடி வர்ற சங்கராபரணிதான். அத்தைய கூட்டிக்கிட்டு ஒரு தடவ விழுப்புரம் போயி அங்கேர்ந்து பஸ் மாறி போனோம். செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் கட்டினேன்னு மகேந்திரர் கல்வெட்டு வெட்டி வச்ச குகைக்கோயில். ரெண்டு பக்கமும் துவாரபாலகர், உள்ள மூணு கருவறை. மூணும் காலி. அத்தை பாறை மேல கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க, நல்லா சில்லுன்னு இருக்கு பாருன்னு என் கையையும் எடுத்து வச்சாங்க. அந்த ஊர்ல சிவகாமி பத்து பொண்ணுங்களுக்கு ஆடக் கத்துக்குடுத்துக்கிட்டு, கோவமும் அழுகையும் அப்பப்ப வந்து போவ, ஆயனர் பக்கத்துல உளி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? அவகிட்ட இருந்த கலைய ஒருத்திக்கு கூட அவ சொல்லிக்குடுக்காமயே கதை முடியுது, கவனிச்சிருக்கீங்களா? சிதம்பரம் கோபுரத்துல 108 கரணமும் கல்லுல நிக்குது, இன்னைக்கும் பொண்ணுங்க அத பாத்து பாத்து கத்துக்கறாங்க. நம்ம ஜில்லாவுலயே.

இல்ல, அதெல்லாம் வேணாம், ஒரே ஒரு பக்கம் போதும். தாலிக்கு முன்னாடி ஒரு பக்கம். மாமல்லர் வந்து எதிர்ல உக்காரணும், அவ கேக்கணும், அவரு பதில் சொல்லணும். அப்புறம் அவ ஏகாம்பரநாதர்கிட்ட போனாலும் நான் கையெடுத்து கும்பிட்டிருப்பேன்.

வாசகர் வட்டத்து பெரியவங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டு விஷயம். கல்கிய விட்டுடுங்கன்னு சொல்லல, பசங்களுக்கு இன்னும் நெறைய படிச்சு காட்டுங்க. ஆனா அந்த முடிவ பெரிய வெற்றின்னு, பொண்ணுங்களுக்கு உதாரணம்னு மேடையில சொல்றத நிறுத்துங்க, ஏன்னா கேட்டுட்டு உக்காந்திருக்கறவங்கள்ல கல்யாணம் ஆகாதவங்க இருப்பாங்க, ஆகி தனியா வந்தவங்க இருப்பாங்க, காத்திருந்து ஏமாந்தவங்க இருப்பாங்க, அவங்ககிட்ட போயி நாளைக்கு யாராவது "நீ சாமிக்கே வாழ்க்கப்பட்டுட்ட"ன்னு சொல்லுவாங்க. ரெண்டாவது, கல்கி தவறினது டிசம்பர் 5, 1954. இந்த டிசம்பர் கூட்டத்துல அவர நெனச்சு ஏதாவது படிப்பீங்கல்ல, அப்ப அந்தக் கடைசி அத்தியாயத்தையும், பெரியபுராணத்துல திலகவதியார் வர்ற அந்த சில பாட்டையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா சத்தமா படிக்க வைங்க. யாராவது ஒரு பொண்ணு படிக்கட்டும்.

அத்தையோட பைண்டு புத்தகத்த நான் கொண்டு வர்றேன். அந்த ரெண்டு குண்டூசியும் இன்னும் அதுலயே இருக்கு, நான் எடுக்கல. படிக்கறதுக்கு லைப்ரரி புத்தகத்த வச்சுக்கலாம்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர்லேர்ந்து உங்க வட்டத்து பின் வரிசை வாசகி